அஞ்சி உழும் நிலம்: லாவோஸ் கிராமங்களில் வெடியாத குண்டுகளை அகற்றும் வரலாறு

ஒரு போருக்கு இரண்டு தேதிகளைக் குறிப்பது சரித்திர நூல்களின் வழக்கம். தொடங்கிய தினம் ஒன்று. முடிந்த தினம் மற்றொன்று. பள்ளிப் பருவத்தில் அவ்விரு தேதிகளையும் மனனஞ்செய்து ஒப்புவித்த நாம், இரண்டாவது தேதியோடு மக்கள் துன்பமும் தீர்ந்துவிட்டதென்றே எண்ணிக்கொள்கிறோம். உடன்படிக்கையில் ஒப்பமிட்ட மேசைக்கு வெகு தொலைவில், மலையடிவாரத்தில் வாழும் ஏழைக் கமக்காரனைக் கேட்டால் அவன் வேறு கணக்குச் சொல்லுவான். தன் வயலிலே பயமின்றி மண்வெட்டியை ஓங்கக்கூடிய நாள் எதுவோ, அந்நாளே அவனுக்குப் போர் முடிந்த நாள். இவ்வுண்மையை உலகுக்குத் தெளிவாகக் காட்டி நிற்கும் நாடு லாவோஸ். அந்நாட்டுக் கிராமங்களில் வெடியாது கிடக்கும் குண்டுகளை அகற்றும் பணியின் வரலாற்றை, இம்மலரின் வாசகர்களாகிய வாலிப அன்பர்களுக்கும் பெரியோர்களுக்கும் சுருங்கக் கூற விழைகின்றோம்.

நடுநிலை பூண்ட நாடு

தென்கிழக்கு ஆசியாவிலே, வியட்நாமுக்கும் தாய்லாந்துக்கும் நடுவே, கடற்கரை ஏதுமின்றி மலையும் காடுமாக அமைந்த நாடு லாவோஸ். மேகோங் நதி அதன் மேற்கு எல்லையின் பெரும் பகுதியாய் ஓடுகின்றது. மக்களிற் பெரும்பாலார் நெற்செய்கையை நம்பி வாழ்வோர். தேரவாத பௌத்தம் அங்கு வேரூன்றியுள்ளது. 1893 முதல் பிரெஞ்சுக்காரரின் ஆட்சிக்குட்பட்டிருந்த இந்நாடு 1953 இல் சுதந்திரம் பெற்றது. ஆயினும் உள்நாட்டுப் பூசல் ஓயவில்லை. 1962 ஜூலை 23 இல் ஜெனீவாவிற் கூடிய நாடுகள், லாவோஸ் எப்பக்கமும் சாராத நடுநிலை நாடாக இருக்கும் என்றும், அந்நியப் படைகள் அங்கிருந்து விலகும் என்றும் ஒப்பமிட்டன. அமெரிக்காவும் வட வியட்நாமும் அவ்வொப்பத்தில் இடம்பெற்றவையே.

வாக்குக் கொடுத்தோர் இரு சாராரும் அதனைக் காக்கவில்லை. வட வியட்நாம் தன் படைகளை லாவோசின் கிழக்குப் பகுதியில் வைத்திருந்ததோடு, தென் வியட்நாமுக்கு ஆளும் ஆயுதமும் அனுப்பும் காட்டுப் பாதைகளையும் அப்பகுதியூடாகவே அமைத்தது. உலகத்தார் ஹோ சி மின் பாதை என வழங்குவது இதனையே. அமெரிக்காவோ தரைப் படையை வெளிப்படையாக அனுப்ப இயலாமையால் வானத்தை நாடியது. 1964 இல் தொடங்கிய விமானத் தாக்குதல் 1973 வரை, ஒன்பது ஆண்டுகள் நீடித்தது. நடுநிலை ஒப்பந்தம் நடைமுறையில் இருந்தமையால் இப்போர் அமெரிக்க மக்களுக்கே மறைக்கப்பட்டிருந்தது. 1970 மார்ச்சில் ஜனாதிபதி நிக்சன் வெளியிட்ட அறிக்கையின் பின்னரே அரசாங்கம் அதனைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டதாயிற்று. இதனாலேயே இதனை ‘இரகசியப் போர்’ என்பர்.

வானிலிருந்து விழுந்தவை

அந்த ஒன்பது ஆண்டுகளில் ஏறக்குறைய 5,80,000 தடவை விமானங்கள் லாவோஸ் மீது குண்டு வீசப் பறந்தன. விழுந்த குண்டுகளின் நிறை 20 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்டது. ஒன்பது ஆண்டுகளும் இரவு பகலாக, எட்டு நிமிடத்துக்கு ஒரு விமானச் சுமை வீதம் கொட்டியதற்கு இது சமமாகும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி மீதும் ஜப்பான் மீதும் அமெரிக்கா வீசிய குண்டுகளின் மொத்தத்திலும் இது அதிகம். அக்காலத்தில் லாவோசின் சனத்தொகை 30 இலட்சத்தை எட்டியிருக்கவில்லை என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

1968 நவம்பரில் அமெரிக்கா வட வியட்நாம் மீது குண்டு வீசுவதை நிறுத்தியது. உலகம் சமாதானம் அணுகுகிறதென மகிழ்ந்தது. ஆனால் அங்கு வேலையற்றுப்போன விமானங்கள் லாவோசின் மேல் திரும்பின. வடக்கிலுள்ள சியெங்குவாங் மாகாணத்திலே, பழங்காலக் கற்சாடிகள் ஆயிரக்கணக்கில் நிற்பதனாற் சாடிச் சமவெளி எனப் பெயர்பெற்ற மேட்டுநிலம் சுடுகாடாயிற்று. மாகாணத்தின் பழைய தலைநகர் தரைமட்டமாயிற்று. இடிந்த விகாரையொன்றின் தூண்களுக்கு நடுவே, கூரையின்றி வெட்டவெளியில் அமர்ந்த புத்தர் சிலை அந்த அழிவுக்குச் சாட்சியாக அங்கு எஞ்சியது. தாம்பியூ என்னும் குகையில் ஒளிந்திருந்த கிராமத்தவர் 1968 நவம்பர் 24 இல் விமானத் தாக்குதலில் மாண்டனர். அவர்கள் தொகை 374 என லாவோ மக்கள் நினைவுகூர்கின்றனர்.

குடிமக்கள் குகைகளிலும் பதுங்குகுழிகளிலும் பகலைக் கழித்து இரவிலே வயல் வேலை செய்தனர். தலைநகராகிய வியந்தியானுக்கு அகதிகளாக வந்துசேர்ந்தோரைப் பிரெட் பிரான்ப்மன் என்னும் அமெரிக்க இளைஞர் 1969 இல் சந்தித்தார். எழுதப் படிக்க அதிகம் அறியாத அக்கிராமத்தவர், தாம் கண்டதைப் பென்சிலாற் படமாக வரைந்து காட்டினர். அப்படங்களையும் வாக்குமூலங்களையும் அவர் 1972 இல் நூலாக வெளியிட்டார். வெளியுலகம் அம்மக்களின் குரலைக் கேட்டது அதன்மூலமே.

மண்ணுள் உறங்கும் பகை

விழுந்த குண்டுகள் யாவும் விழுந்த அன்றே வெடித்திருப்பின் நமது கட்டுரை இவ்விடத்தில் முடிந்திருக்கும். வீசப்பட்டவற்றுட் பெருந்தொகையானவை கொத்துக்குண்டுகள். ஒரு பெரிய உலோகக் கூடு ஆகாயத்திலே பிளந்து, தன்னுள் அடக்கியிருந்த நூற்றுக்கணக்கான சிறு குண்டுகளைப் பரந்த நிலத்தில் விதைபோல் எறியும். இச்சிறு குண்டுகளை லாவோ மக்கள் ‘பொம்பி’ என்பர். பெரும்பாலானவை தோடம்பழம் அளவினவாய், உருண்டையாய் இருக்கும். உள்ளே வெடிமருந்தும், அதனைச் சூழ்ந்த ஓட்டிலே பதித்த எஃகு மணிகளும் உள. விழும்போது காற்றிலே சுழலுவதாற் குண்டின் பொறி விழிப்படையும். பின் நிலத்தில் மோதியதும் வெடிக்கும். போதியளவு சுழலாதவையும், மரக்கிளையிற் சிக்கியவையும், சேற்றிலும் நீர் நின்ற வயலிலும் மெதுவாய் விழுந்தவையும் வெடியாமற் கிடந்துவிட்டன.

லாவோஸ் மீது வீசப்பட்ட சிறு குண்டுகளின் தொகை 27 கோடி எனக் கணக்கிடுவர். அவற்றுள் நூற்றுக்கு 30 வீதம் வெடிக்கவில்லை எனக் கொண்டால், சுமார் 8 கோடி குண்டுகள் மண்ணிலே தங்கின. 1990களின் நடுப்பகுதியில் நாடளாவிய ஆய்வொன்று நடத்தியபோது, 15 மாகாணங்களில், கிராமங்களுள் நாலிலொரு பங்கில் வெடியாத குண்டுகள் இருப்பது தெரியவந்தது.

இக்குண்டுக்கு வயது ஏறினும் வலிமை குன்றுவதில்லை. வெளிக்கூடு துருப்பிடித்தாலும் மருந்து கெடுவதில்லை. பொறியோ முன்னையிலும் நிலையற்றதாகின்றது. கமக்காரன் வயலைக் கொத்தும்போது அது வெடிக்கும். மலைச்சரிவிற் சேனைக்காகக் காடு எரிக்கும்போது வெடிக்கும். மார்கழிக் குளிரிலே பிள்ளைகள் குளிர்காயத் தீ மூட்டினால், அதன் அடிமண்ணிற் புதைந்திருந்தது வெடிக்கும். உருண்டையாய் இருப்பதாற் பந்தென்று நினைத்து எடுத்து எறிந்து விளையாடிய சிறுவர் எத்தனையோ பேர். வறுமையும் இதற்குத் துணைபோயிற்று. பழைய இரும்புக்கு விலை உண்டு என்பதால் மலிவான உலோகங்காட்டிகளோடு காட்டிற் குண்டுத் துண்டு தேடிச் சென்று உயிரிழந்தோரும் பலர். போர்க்காலத்தையும் சேர்த்து, 1964 முதல் 50,000 பேருக்கு மேல் இக்குண்டுகளால் இறந்தோ காயமுற்றோ உள்ளனர். அவர்களுள் ஏறக்குறைய 20,000 பேர் போர் முடிந்த பின் பாதிக்கப்பட்டவர்கள். அப்போரைக் கண்ணாலும் காணாத குழந்தைகள் அப்போரிலே மாண்டனர்.

மனிதனின் விடாமுயற்சியையும் இங்கே குறிப்பிட வேண்டும். வெறுமையான குண்டுக் கூடுகளை வீட்டுக்குத் தூணாக நட்டனர். பாதியாய்ப் பிளந்த கூட்டில் வெங்காயம் வளர்த்தனர். விமானங்கள் கழற்றி எறிந்த எண்ணெய்த் தாங்கிகளை ஓடமாக்கினர். நாபியா என்னும் சிற்றூரில் அலுமினியத் துண்டுகளை உருக்கிக் கரண்டி வார்த்து விற்றனர். இவற்றைச் சாமர்த்தியம் என்று மட்டும் மெச்சிவிட்டு நகர்வது முறையன்று. உயிராபத்தை வீட்டுப் பொருளாக்கி வாழ வேண்டிய நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டனர் என்பதையும் நாம் உணர வேண்டும்.

சவள் தந்த காவல்

1973 பெப்ரவரி 21 இல் வியந்தியானில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அகதிகள் ஊர் திரும்பினர். வீடு இல்லை, மாடு இல்லை, உழ வேண்டிய நிலத்திலே குண்டு. பசித்த வயிறு குண்டுக்காகக் காத்திருக்குமா? உழுதார்கள். உழுதவர்களிற் சிலர் திரும்பவில்லை.

அவ்வேளையில் உதவிக்கு வந்தோர் பெரும் படையினரோ பொறியியலாளரோ அல்லர். போரையே பாவமெனக் கருதும் மெனோனைற், குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரின் அமெரிக்கத் தொண்டு சபைகள் சிறு எண்ணிக்கையினரான ஊழியரோடு லாவோசில் தங்கியிருந்தன. கமக்காரரோடு பேசிப் பார்த்தபோது அவர்கள் ஓர் எளிய உண்மையைக் கண்டனர். லாவோ கமக்காரன் நிலங்கொத்துவது மண்வெட்டியால். நமது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரைப் போலவே, தலைக்கு மேல் ஓங்கி மண்ணிலே விசையோடு போடுவான். அந்த அடிதான் பொம்பியை எழுப்பிவிடுகின்றது. சவளை மண்ணில் வைத்துக் காலால் மெல்ல அழுத்தினால் அதிர்ச்சி குறைவு. கடினமான பொருள் தட்டுப்பட்டாலும் நின்று பார்க்கலாம். ஆகவே அச்சபையினர் சவள்களை ஆயிரக்கணக்கில் வாங்கிக் கிராமங்களுக்கு வழங்கினர். குண்டு அகற்றும் வரலாற்றிலே முதல் ஆயுதம் இந்தச் சவள் என்று சொன்னால் அது மிகையாகாது. குண்டை அது அகற்றவில்லை. அகற்றும் காலம் வரும்வரை சிலரின் உயிரைக் காத்துத் தந்தது.

சாண் சாணாக மீட்ட நிலம்

முறையான அகற்றும் பணி தொடங்கியது 1994 இல். மெனோனைற் சபையாரின் முயற்சியால் மைன்ஸ் அட்வைசரி குறூப் என்னும் பிரித்தானிய நிறுவனம் சியெங்குவாங்குக்கு வந்தது. 1996 இல் லாவோஸ் அரசாங்கம், ஐக்கிய நாடுகளின் துணையோடு, இப்பணிக்கெனத் தேசிய அமைப்பொன்றை நிறுவியது. வெளிநாட்டு நிபுணர் கற்பிக்க, உள்ளூர் ஆண்களும் பெண்களும் தொழிலைக் கற்றனர். பெண்கள் மட்டுமே கொண்ட குழுக்களும் தோன்றின. தம் ஊர் வயலைத் தாமே காத்துத் தரும் தொழிலுக்கு அவ்வூர்ப் பிள்ளைகளே உரியரானார்கள்.

இவ்வேலை நடைபெறும் விதத்தை நமது இளைஞர் அறிவது பயனுடைத்து. முதலிற் குழுவினர் கிராமத் தலைவரையும் முதியோரையும் கண்டு பேசுவர். எங்கே விமானம் வந்தது, எங்கே மாடு செத்தது, எந்த வளவிற் பிள்ளைகள் போவதில்லை என்று கேட்டு அறிவர். முதியோரின் ஞாபகமே முதல் வரைபடமாகின்றது. பின் நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்துச் சோதித்து, குண்டுள்ள பகுதி எதுவெனத் தீர்மானிப்பர். அதன் பின்னரே அகற்றும் வேலை ஆரம்பமாகும். புற்பூண்டுகளைக் கவனமாக வெட்டி, கயிறு கட்டி ஒடுங்கிய பட்டிகளாக நிலத்தைப் பிரிப்பர். ஒவ்வொரு பட்டியிலும் ஒருவர் உலோகங்காட்டியை மண்ணோடு ஒட்டி அசைத்தபடி அடிமேல் அடிவைத்து முன்னேறுவார். கருவி ஒலித்ததும் நிற்பார். முழந்தாளிட்டுச் சிறு கரண்டியால் பக்கவாட்டிலே மண்ணை மெல்ல விலக்குவார். பெரும்பாலும் அகப்படுவது ஆணியோ, பழைய குண்டுச் சிதறலோதான். ஆயினும் நூறாவது ஒலியையும் முதலாவது ஒலியைப் போலவே மதிக்க வேண்டும். அலட்சியத்துக்கு இத்தொழிலில் இடமில்லை.

பொம்பி அகப்பட்டால் அதனைத் தொடுவதில்லை. குறியிட்டு வைத்து, ஊரவரையும் ஆடுமாடுகளையும் விலக்கி, பாதைகளிற் காவல் நிறுத்தி, ஒலிபெருக்கியில் எச்சரித்து, அருகே சிறு வெடிமருந்தை வைத்துத் தொலைவிலிருந்து வெடிக்கச் செய்வர். பெரிய விமானக் குண்டுகளுக்கு வேறு முறைகள் உண்டு. மழைக்காலத்தில் மலைப்பாதைகள் சேறாகி வாகனங்கள் செல்லா. ஆதலாற் கடுங்கோடையிலே பெரும்பகுதி வேலையும் நடைபெறும்.

இவ்வாறு 1996 முதல் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வெடிபொருட்கள் அழிக்கப்பட்டன. எனினும் மண்ணில் உறங்குவனவற்றோடு ஒப்பிட இது சிறு பங்கே. ஆகவே எந்த நிலத்தை முதலில் எடுப்பது என்னும் தெரிவு முக்கியமாகின்றது. பள்ளிக்கூடம் கட்டும் காணி, கிணறு வெட்டும் இடம், நீர்ப்பாசன வாய்க்கால், நெல்வயல் என்ற இவற்றுக்கே முதலிடம். சாடிச் சமவெளியைக் காண வருவோருக்காக அங்கு நிலத்திற் பதித்த கற்கள் ஒரு பக்கம் வெள்ளையும் மறுபக்கம் சிவப்புமாய் உள்ளன. வெள்ளைப் பக்கம் சோதித்து முடிந்தது; சிவப்புப் பக்கம் கால் வைக்கலாகாதது. 2019 இல் உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பெற்ற அச்சமவெளியிலே, வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவே எல்லை ஒரு செங்கல் அகலமே.

அகற்றும் வேலையோடு அறிவூட்டும் வேலையும் கைகோத்துச் சென்றது. பாட்டாலும் பொம்மலாட்டத்தாலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு எச்சரிக்கை புகட்டினர். இதன் பயனைக் கணக்கிலே காணலாம். 2008 ஆம் ஆண்டளவில் வருடந்தோறும் சுமார் 300 பேர் இறந்தும் காயமுற்றும் வந்தனர். அடுத்து வந்த பத்தாண்டில் அத்தொகை ஐம்பதை அண்மியதாகக் குறைந்தது. ஐம்பதும் சிறு தொகையன்று. ஆயினும் எஞ்சிய உயிர்கள் யாரால் எஞ்சின என்பதை மறத்தல் நன்றியன்று.

சட்டமும் கடனும்

ஊருக்கு ஊர் குண்டு பொறுக்கினாற் போதுமா, புதிதாகப் போடுவதை நிறுத்த வேண்டாமா என்னும் கேள்வி எழுந்தது. 2008 மே மாதம் டப்ளின் நகரில் கொத்துக்குண்டுகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டு, அவ்வாண்டு டிசெம்பரில் ஒஸ்லோவில் கையொப்பத்துக்கு வைக்கப்பட்டது. 2010 ஓகஸ்ட் 1 இல் அது நடைமுறைக்கு வந்தது. அதில் இணைந்த நாடுகளின் முதற் கூட்டம் அவ்வாண்டு நவம்பரில் வியந்தியானிலேயே நடைபெற்றமை பொருத்தமானது. பாதிக்கப்பட்ட நாடு பத்தாண்டிலே நிலத்தைத் துப்புரவாக்க வேண்டுமென அவ்வுடன்படிக்கை விதித்தது. லாவோசுக்கு 2020 இல் முடிந்த அக்கெடு நீடிக்கப்பட்டது. 8 கோடி குண்டுக்குப் பத்து ஆண்டு எம்மூலைக்குக் காணும்?

குண்டு வீசியவரின் கடன் என்ன? 2016 செப்டெம்பரில் லாவோசுக்குச் சென்ற ஒபாமா, பதவியில் இருக்கையில் அங்கு சென்ற முதல் அமெரிக்க ஜனாதிபதி. லாவோசுக்கு உதவும் தார்மிகக் கடமை தம் நாட்டுக்கு உண்டென ஏற்று, மூன்றாண்டுகளுக்கு 9 கோடி டொலர் அளிப்பதாக அறிவித்தார். இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் இத்தகைய உதவி கொடுப்போரின் அரசியலுக்கு ஏற்ப ஏறும், இறங்கும். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தியபோது உலகெங்கும் குண்டகற்றும் வேலைகள் தடைப்பட்டன. அவ்வாண்டு மார்ச்சில் லித்துவேனியா கொத்துக்குண்டு உடன்படிக்கையிலிருந்தே விலகிற்று. அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் அதில் இணையவேயில்லை. கிராமத்தவன் வயலில் குண்டு கிடப்பது நிரந்தரம். அதை எடுப்பதற்கான பணம் மட்டும் தற்காலிகம் என்பது நீதியாகுமா?

நமக்குரிய பாடம்

லாவோசின் கதையை இலங்கைத் தமிழர் அந்நியர் கதையாகப் படிக்க இயலாது. 2009 இல் நமது நாட்டில் போர் முடிந்த பின்னரும், மண்டையோட்டுச் சின்னம் பொறித்த சிவப்புப் பலகைகள் வடபகுதி வயல்களில் நின்றன. முகமாலை போன்ற இடங்களிலே, தலைக்கவசமும் மார்புக்கவசமும் அணிந்து, கொளுத்தும் வெயிலில் முழந்தாளிட்டு மண்ணை விறாண்டிய பெண்களை நம்மவர் கண்டுள்ளனர். அவர்களுட் பலர் போரிலே கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்கியவர்கள். சியெங்குவாங்கில் 1994 இல் வேலை தொடங்கிய அதே நிறுவனம் நமது வடபகுதியிலும் பணியாற்றியுள்ளது. இலங்கை 2017 இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையிலும், 2018 இல் கொத்துக்குண்டுத் தடை உடன்படிக்கையிலும் இணைந்தது.

இதிலிருந்து வாலிபர்களாகிய நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. இனந்தெரியாத உலோகப் பொருளைக் கண்டால் தொடாது விலகி, உரியவர்க்கு அறிவிப்பதும், நமது தம்பி தங்கையருக்கு அதனைக் கற்பிப்பதும் முதலாவது. காணியைக் கழுத்து வியர்வையால் மீட்டுத் தந்த தொழிலாளரை, படைத்தலைவர்களை நினைப்பதினும் மேலாக நினைவிற் கொள்வது இரண்டாவது. சமாதானம் என்பது ஒரு நாட் செய்தி அன்று, பல்லாண்டு வேலை என்று அறிந்து அவ்வேலைக்குத் தோள் கொடுப்பது மூன்றாவது. பெரியோர்களிடத்தும் ஒரு விண்ணப்பம் உண்டு. எங்கே என்ன விழுந்தது, எந்தக் காணியை ஏன் கைவிட்டோம் என்பதை அவர்கள் இளையோருக்குச் சொல்லி வைத்தல் வேண்டும். லாவோசில் முதியோரின் ஞாபகமே முதல் வரைபடம் என்று கண்டோம். இங்கும் அது அப்படியே.

போரைத் தொடங்க ஒரு கட்டளை போதும். அதனை முடிக்க, கோடையில் முழந்தாளிட்ட எத்தனையோ பேரின் பொறுமை வேண்டும். அப்பொறுமையுடையோர் வாழ்க, அவர்கள் கைபட்ட வயல்களெல்லாம் அச்சமின்றி விளைக.